'வேலை செய்யவில்லை' என்றால் என்ன பொருள்?

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாலை மணி 6. பிளஸ் டூ முடித்த மாணவி ஒருத்தி கைப்பேசியோடு மூன்று மணி நேரமாகப் போராடிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. சாதிச் சான்றிதழை இணைக்கும் இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. நள்ளிரவு 12 மணிக்கு விண்ணப்பம் பெறுவதை நிறுத்திவிடுவார்கள். சென்னையில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் பெரியப்பா மகனுக்கு அவசரமாக ஒரு செய்தி அனுப்புகிறாள்.

"அண்ணா, அப்ளிகேஷன் வேலை செய்யல. நெட் ஸ்லோன்னு நினைக்கிறேன். நெட் வேகத்தை எப்படிக் கூட்டறது?"

அண்ணன் பாவம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறான். "மொட்டை மாடிக்குப் போய்ப் பாரு, பாப்பா." அவள் மாடிக்குப் போகிறாள். பயனில்லை. கைப்பேசியை அணைத்துப் போடச் சொல்கிறான். நிரப்பியதெல்லாம் அழிந்து, மீண்டும் முதலிலிருந்து நிரப்ப வேண்டியதாகிறது. ஒன்றரை மணி நேரம் கழிந்த பிறகுதான் அவனுக்கு ஓர் ஐயம் எழுகிறது. "சான்றிதழை இணைக்கும்போது திரையில் என்ன வருது?" "ஏதோ இங்கிலீஷ்ல ஒரு வரி வருது அண்ணா. நான் மூடிட்டேன்." மணி 8.

இந்த இருவரில் எவரும் அறிவற்றவர் அல்லர். ஆயினும் இரண்டு மணி நேரம் வீணாயிற்று. அண்ணனுக்கு வேண்டிய செய்தி அனைத்தும் அவள் படிக்காமல் மூடிய அந்த ஒரு வரியில் இருந்தது. அவன் கைக்கு வந்து சேர்ந்ததோ அவளுடைய ஊகம் மட்டுமே.

நம் ஊர் வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பார்; நாக்கை நீட்டச் சொல்வார்; கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றும் இயலாது. உங்கள் திரை அவருக்குத் தெரியாது. நீங்கள் எதைத் தொட்டீர்கள், எதைத் தொடவில்லை என்பதும் தெரியாது. நீங்கள் எழுதி அனுப்பும் நாலைந்து வரிகளே அவருக்குக் கண்ணும் காதும் கையும் ஆகும். அந்த வரிகளை எப்படி எழுதுவது?

உப்புப் பகுப்பாய்வும் உதவி கேட்பதும்

இதற்கான பயிற்சி உங்கள் பள்ளியிலேயே நடக்கிறது. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உப்பைப் பகுத்தறியும்போது பதிவேட்டில் மூன்று கட்டங்கள் போடுகிறீர்கள் அல்லவா? செய்த சோதனை ஒரு கட்டத்தில், கண்டது அடுத்ததில், அதிலிருந்து அறிந்தது மூன்றாவதில். உப்புக் கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்த்தீர்கள், இது சோதனை. தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றியது, அது அம்மோனியாவில் கரைந்தது, இது கண்டது. எனவே குளோரைடு, இது அறிந்தது.

ஒரு மாணவன் முதலிரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, மூன்றாவதில் 'குளோரைடு' என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் என்ன செய்வார்? விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் கிடைப்பது அரிது. விடை தவறாக இருந்துவிட்டால், எந்த இடத்தில் தவறினான் என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. நம் மாணவி அனுப்பிய செய்தியும் இப்படிப்பட்டதுதான். 'நெட் ஸ்லோ' என்பது மூன்றாம் கட்டம். முதலிரண்டு கட்டங்களும் காலி. 'வேலை செய்யவில்லை' என்பதும் கண்ட செய்தி அன்று. அது ஒரு தீர்ப்பு.

ஊகம் கூடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஊகம் சில வேளை மிகவும் உதவும். ஆனால் அது ஊகம் என்று தனியே தெரியும்படி, கண்டவற்றுக்குப் பின்னால் வரவேண்டும்.

'தமிழ் வரவில்லை'

கணிப்பொறியில் தமிழைப் பயன்படுத்தும் எவரும் ஒரு நாளேனும் இந்தப் புகாரைக் கூறியிருப்பர். கேட்பதற்கு ஒரே நோய் போலத் தோன்றும். உண்மையில் அது குறைந்தது நான்கு நோய்கள். நான்குக்கும் மருந்து வேறு. எந்த நோய் என்பதைத் திரையில் தெரிவதை அப்படியே எழுதினாலே சொல்லிவிடலாம்.

எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சிறு கட்டங்கள் தெரிகின்றனவா? செய்தி பெரும்பாலும் பழுதில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வரைந்து காட்டத் தமிழ் எழுத்துரு அந்தக் கருவியில் இல்லை. எழுத்துருவை நிறுவினால் போதும்.

'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும், கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் தெரிகின்றனவா? அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்ட கோப்பு. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்து வேலையை நடத்தினார்கள். ஜே என்ற இடத்தில் 'த' வடிவம், கே என்ற இடத்தில் 'ம', பி என்ற இடத்தில் இகரக் குறி, ஓ என்ற இடத்தில் 'ழ', அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யின் புள்ளி. கணிப்பொறியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. பாமினி எழுத்துருவைப் போட்டால்தான் நம் கண்ணுக்குத் தமிழ். நிலையான தீர்வு, அதை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் இட்டு மாற்றிவிடுவது.

மூன்றாவது வகை இன்னும் விந்தையானது. தலையில் சாய்கோடிட்ட சிறிய ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் அடைபட்ட ஆர், பிறகு ஏதோ ஒரு குறி. இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. இது எதனால்? ஒருங்குறித் தமிழை யு.டி.எஃப். 8 என்ற முறையில் சேமிக்கும்போது 'த' என்ற ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகள் செலவாகின்றன. முதல் பைட்டின் மதிப்பு எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து பெரிதும் மாறும். இந்தக் கோப்பை ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய அட்டவணையை வைத்துப் படித்தால் ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எழுத்தாகிவிடும். அந்த அட்டவணையில் 224 என்பது சாய்கோடிட்ட ஏ. 174 என்பது வட்டத்துக்குள் ஆர். ஆகவே எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இந்நோய் தீராது. கோப்பு எந்த முறையில் சேமிக்கப்பட்டது என்பதைச் சரியாகச் சொல்லித் திறக்க வேண்டும்.

நான்காவது, எழுத்தெல்லாம் சரியாக வந்து, கொம்பு மட்டும் ஒரு புள்ளி வட்டத்தின் பக்கத்தில் தனியே நிற்பது. இது தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு நேர்வது. அங்கே 'கெ' எழுத முதலில் கொம்பு, பிறகு 'க'. ஒருங்குறியிலோ முதலில் 'க', பிறகுதான் கொம்பு.

இப்போது உதவுபவரின் இடத்தில் இருந்து பாருங்கள். "ஐயா, தமிழ் வரவில்லை, ஏதேதோ வருகிறது" என்று ஒருவர் எழுதுகிறார். நான்கில் எது? பதிலுக்கு நான்கு கேள்வி கேட்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் விடை வர அரை நாள் ஆகலாம். இன்னொருவர், "ஐயா, தமிழ் என்ற சொல் வரவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வருகிறது" என்று எழுதுகிறார். அவருக்குப் பாமினி என்றால் என்னவென்றே தெரியாது. கண்டதை மட்டும் எழுதினார். உதவுபவர் அந்த ஐந்து குறிகளைக் கண்டதும், நோயையும் மருந்தையும் ஒரே பதிலில் எழுதிவிடுவார். உதவி கேட்பதற்குப் பெரிய கணிப்பொறி அறிவு வேண்டும் என்று அஞ்சுகிற மாணவர்கள் இதைக் கவனிக்கவும்.

திரையில் தோன்றும் எண்களும் இவ்வாறே. 404 என்று வந்தால் நீங்கள் கேட்ட பக்கம் அந்த இடத்தில் இல்லை. முகவரியைத் தவறாகத் தட்டியிருக்கலாம். 403 என்றால் அதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. 500 என்றால் கோளாறு அவர்கள் கணிப்பொறியில். 503 என்றால் அந்தச் சேவை அப்போதைக்குக் கிடைக்கவில்லை. கடைசி நாளில் எல்லாரும் ஒன்றாக நுழையும்போது இதை அடிக்கடி காணலாம். 503 வரும்போது மொட்டை மாடிக்கு ஏறுவதில் பொருளில்லை. சற்றுப் பொறுத்து முயல்வதே வழி. 'ஏதோ எண் வந்தது' என்று எழுதினால் இத்தனை செய்தியும் போய்விடும்.

500 மைல் தாண்டாத மடல்

கண்டதைக் கண்டபடி சொல்வது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்குக் கணிப்பொறியாளர்களிடையே புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே மின்மடல் அமைப்பைக் கவனித்துவந்த ட்ரே ஹாரிஸ் என்பவர் 2002-இல் இதை எழுதிவைத்தார்.

ஒரு நாள் புள்ளியியல் துறைத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, தங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மடல் அனுப்ப முடியவில்லை என்றார். ஹாரிஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மின்மடலுக்குத் தூரம் ஏது? அடுத்த தெருவும் அடுத்த கண்டமும் அதற்கு ஒன்றே அல்லவா? ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டதற்குத் தலைவர், போதிய தரவு இப்போதுதான் சேர்ந்தது என்றாராம்! அவர் துறையில் ஒருவர் மடல் சென்ற ஊர்களையும் செல்லாத ஊர்களையும் நிலப்படத்தில் குறித்தே வைத்திருந்தார். 500 மைலுக்குச் சற்று அதிகமான ஆரத்தில் ஒரு வட்டம். இன்னொன்றும் தலைவர் சொன்னார். வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து கணிப்பொறியைப் புதுப்பித்துவிட்டுப் போன பிறகே இந்தத் தொல்லை. 'ஆனால் மடல் அமைப்பைத் தொடவில்லை என்று அவர் சொல்கிறார்' என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஹாரிஸ் நம்பாமல் தாமே சோதித்தார். 400 மைல் தொலைவிலுள்ள பிரின்ஸ்டனுக்கு மடல் போயிற்று. 600 மைல் தொலைவிலுள்ள மெம்ஃபிஸுக்குப் போகவில்லை. 420 மைல் நியூயார்க் சரி; 580 மைல் பிராவிடன்ஸ் இல்லை. பிறகு ஓர் அருமையான சோதனை செய்தார். வட கரோலினாவிலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவரின் மடல் பெட்டி, நாட்டின் மறுகோடியில் சியாட்டில் நகரத்துக் கணிப்பொறியில் இருந்தது. அவருக்கு அனுப்பினார், போகவில்லை. பெறுபவரின் வீடு எங்கே என்பது பொருட்டல்ல, கணிப்பொறி எங்கே என்பதே பொருட்டு என்று உறுதியாயிற்று. பெறுபவரின் வீட்டை மடல் கண்டுகொண்டிருந்தால் தாம் உடைந்து அழுதிருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறார்.

காரணம் இதுதான். ஆலோசகர் இயக்க மென்பொருளைப் புதுப்பித்தபோது, செண்ட்மெயில் என்ற மடல் மென்பொருள் புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. புதிய பதிப்புக்காக எழுதிய அமைப்புக் கோப்பைப் பழைய பதிப்பால் புரிந்துகொள்ள முடியவில்லை. புரியாதவற்றை அது தள்ளிவிட்டது; எதிர்முனைக் கணிப்பொறி பதிலளிக்க எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அளவு சுழியம் ஆகிவிட்டது. நடைமுறையில் அந்தக் கணிப்பொறி 3 மில்லி நொடிக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து, பிறகு கைவிட்டுவிடும். ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 3 மில்லி நொடியில் 900 கிலோமீட்டர். மைலில் ஏறத்தாழ 559!

கணக்கில் கெட்டிக்காரர்கள் இங்கே கையை உயர்த்துவார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் மூன்றில் இரண்டு பங்குதானே? குறிப்பு போனால் போதாது, பதில் திரும்பியும் வரவேண்டுமே? அப்படியானால் 300 கிலோமீட்டர்தானே வரும்? சரியான ஐயம். கதையைச் சுவைக்காக ஓரளவு மாற்றியிருப்பதாக ஹாரிஸே தொடக்கத்தில் ஒப்புக்கொண்டுள்ளார். எனவே எண்களின் கச்சிதப் பொருத்தத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் காத்திருக்கும் நேரம் குறைந்தால் தொலைவான கணிப்பொறிகள் எட்டாமற் போகும் என்ற அடிப்படை சரியே.

நமக்கு இங்கே முக்கியம் துறைத் தலைவரின் புகார். 'மடல் பழுது' என்று அவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நாள் ஆகியிருக்கும்? கேலி செய்வார்களே என்று கூசாமல் கண்டதைச் சொன்னார். எது போகிறது என்பதையும் எது போகவில்லை என்பதையும் சொன்னார். தொல்லை தொடங்குமுன் என்ன மாறியது என்பதைச் சொன்னார். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஆலோசகர் கருதியதை அவர் கருத்தாகவே தனியே வைத்தார். அந்தக் கருத்து தவறாயிற்று, செய்தி பயன்பட்டது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மார்க் 2 கணிப்பொறியின் பணிப் பதிவேட்டில், 1947 செப்டம்பர் 9 அன்று பிற்பகல் 3.45-க்கு ஒரு குறிப்பு எழுதப்பட்டது. எந்தப் பலகையில் எத்தனையாவது மின்தொடுப்பில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது என்று எழுதி, பூச்சியையும் அங்கேயே ஒட்டிவிட்டார்கள். கணிப்பொறிப் பிழையைப் 'பூச்சி' என்று அழைக்கும் வழக்கம் இதில் தொடங்கியது என்பார்கள். அது சரியன்று, எடிசன் காலத்திலேயே பொறியாளர்கள் அப்படிச் சொல்லிவந்தனர். நேரம், இடம், கண்ட பொருள் மூன்றும் அந்த ஒரு வரியில் இருப்பதே எனக்குப் பிடித்தது. அந்த ஏடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மீண்டும் அந்த மாணவி

மணி 8-க்கு நாம் விட்டுவந்த மாணவி இப்போது உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறாள்.

"அண்ணா, உதவித்தொகை விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழை இணைக்கணும். அதுதான் வேணும், மற்றதெல்லாம் முடிஞ்சது. கைப்பேசியில் சான்றிதழைப் படம் எடுத்து, இணைக்கும் பொத்தானை அழுத்தினேன். சிவப்பில் ஒரு வரி வருது. பார்த்து அப்படியே எழுதியிருக்கேன்: ஃபைல் சைஸ் ஷுட் பி லெஸ் தன் 200 கேபி. மூணு தடவையும் அதே வரி. என் போட்டோவை இணைச்சப்போ இப்படி வரல. அது சரியா ஏறிடுச்சு. நெட் ஸ்லோவோன்னு நினைச்சேன், ஆனா மத்த பக்கமெல்லாம் நல்லாத் திறக்குது. இன்னைக்கு ராத்திரி 12 மணி கடைசி."

இதை எழுதும்போதே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. கோப்பின் அளவு 200 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதல்லவா அந்த வரி? தன் கைப்பேசிப் படத்தின் விவரத்தைத் திறந்து பார்க்கிறாள், 3 மெகாபைட். அனுமதித்த அளவைப் போல் 15 மடங்கு. 1999-இல் வெளிவந்த 'பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்ற நூலில், பிழை புரியாதபோது ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதற்கு வரிவரியாக விளக்கிய நிரலாளர் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். வாத்து ஒன்றும் சொல்வதில்லை. விளக்குகிறவருக்கே பிழை தென்பட்டுவிடுகிறது. நல்ல கேள்வியை எழுதி முடித்து, அனுப்பாமலே அழித்துவிடும் அனுபவம் கணிப்பொறியாளர்கள் பலருக்கும் உண்டு.

அவள் திரையைப் படம் பிடித்தும் அனுப்பலாம். வரியைக் கையால் எழுதுவதைவிட அது பிழையற்றது. ஆனால் அப்படத்தில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இருந்தால் மறைத்துவிட்டே அனுப்ப வேண்டும். பெரியப்பா மகனுக்கு அனுப்புவது வேறு; முன்பின் அறியாதவர் பலர் படிக்கும் பொதுவிடத்தில் இடுவது வேறு. பொதுவிடத்தில் 'உதவி' என்று எழுதியதும், 'நான் சரிசெய்து தருகிறேன், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்' என்று தனியே செய்தி அனுப்புகிறவர்களும் வருவார்கள். உங்கள் திரையைத் தொலைவிலிருந்தே இயக்கும் செயலியை நிறுவச் சொல்பவர்களும் உண்டு. படத்தின் அளவைக் குறைக்க ஓ.டி.பி. எதற்கு? கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ கேட்பவர் எந்த நோய்க்கும் வைத்தியர் அல்லர். ஏமாந்து பணம் போய்விட்டால் இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். தாமதிக்குந்தோறும் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்புக் குறையும்.

அண்ணனின் பதில் இரண்டு நிமிடத்தில் வருகிறது. "படத்தில் சான்றிதழைச் சுற்றியிருக்கிற மேசையெல்லாம் வெட்டி எடும்மா. அப்புறம் அளவைச் சின்னதாக்கு. எழுத்து படிக்கும்படி இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு இணை." அவள் வெட்டுகிறாள், சுருக்குகிறாள், 240 கிலோபைட் ஆகிறது. மீண்டும் அதே சிவப்பு வரி. இன்னும் சற்றுச் சுருக்க, 170. பச்சை நிறத்தில் ஒரு குறி தோன்றுகிறது. மணி 8.50-க்கு விண்ணப்ப எண் வந்துவிடுகிறது.

அவள் உடனே படுக்கப் போய்விடவில்லை. "170 கேபி ஆனதும் ஏறிடுச்சு அண்ணா. எழுத்தும் தெளிவா இருக்கு" என்று எழுதி அனுப்புகிறாள். தன் வகுப்பில் இன்னும் இருவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அந்தச் சிவப்பு வரியையும் தான் செய்ததையும் அப்படியே அவர்களுக்கும் அனுப்புகிறாள். 12 மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.